மலைக்குளிரும் மழைநாளும்: போடி வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



போடி வட்டாரத்தில் வயதானவர்கள் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்தால் மழைப் பேச்சு வராமல் இருக்காது. "எங்க காலத்துல ஆடி மாசம் முந்தலைத் தாண்டுனாலே சட்டைக்கு மேல சட்டை போடணும். இப்ப மெட்டுல போய் நின்னாலும் வேர்க்குது" என்பார் ஒருவர். "சாரல் நூல் நூலா பத்து நாள் விடாம விழுகும். இப்ப வந்தா ஒரே கொட்டு, இல்லாட்டி ஒண்ணுமே இல்ல" என்பார் மற்றவர். இளவட்டங்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. வயதானால் யாருக்கும் பழைய காலம் குளிர்ச்சியாகத்தான் தெரியும் என்பார்கள். ஆனால் இந்த விஷயத்தில் பெரியவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. வெப்பமானியும் மழைமானியும் அதையேதான் சொல்கின்றன.

சுகாதாரத் துறைக்கு மழையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். கர்ப்பிணிக்கு வரும் மயக்கம், குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கு, வீட்டுக்கு வீடு பரவும் டெங்குக் காய்ச்சல் இவற்றுக்கெல்லாம் வெக்கையோடும் மழையோடும் தொடர்பு உண்டு. நம் வீட்டுப் பழக்க வழக்கங்களில் பாதி, பழைய குளிருக்கும் பழைய மழைக்கும் ஏற்றபடி அமைந்தவை. காலநிலை மாறினால் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நம் ஊரின் அமைப்பு

முதலில் நம் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். போடிநாயக்கனூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறிப் போடிமெட்டுக்குப் போனால் 1,400 மீட்டரை ஒட்டி வந்துவிடுகிறோம். பொதுவாக 1,000 மீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி சென்டிகிரேட் வெப்பம் குறையும். ஆகவே ஜீப்பில் ஒரு மணி நேரத்துக்குள் வேறொரு சீமைக்கே போய்விடுகிறோம். இது இயற்கை நமக்குக் கொடுத்த வசதி.

மழையும் அப்படித்தான். ஆனி, ஆடி, ஆவணியில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கம் நனைகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்திருக்கும். நமக்குக் கிடைப்பது சாரலும் மேகாத்தும்தான். நமது பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவது. ஆக, போடிக்காரர்களுக்கு இரண்டு மழையும் வேண்டும். மேற்கு மழை தவறினால் ஏலத்தோட்டத்து வேலை போகும். கிழக்கு மழை தவறினால் கொட்டகுடி ஆறும் கிணறும் போகும். தோட்டம் அந்தப் பக்கம், குடும்பம் இந்தப் பக்கம்.

ஒரு நாள் வேறு, முப்பது வருஷம் வேறு

இன்றைக்கு வெயில் அதிகம், நேற்று மழை பெய்தது என்பது வானிலை. முப்பது வருஷக் கணக்கைக் கூட்டிச் சராசரி பார்ப்பது தட்பவெப்பநிலை. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. மூணாறில் இன்றும் சில ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகிறது. "எங்கே சார் சூடு ஏறியிருக்கு?" என்று அதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு இரவை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு பிள்ளை ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் அது பிடிவாதம். மாதாமாதம் எடை குறைந்தால் அது நோய். எடை அட்டையில் நர்ஸம்மா புள்ளி வைத்துக் கோடு இழுப்பது இதற்காகத்தானே? வானிலைக்காரர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கியது. நமக்கு வடகிழக்கே கொடைக்கானல் மலையில் சூரிய ஆராய்ச்சிக் கூடம் அமைந்தது 1899-ல்.

மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வெளியிட்டது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். முக்கால் டிகிரிகூட இல்லையே, இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றும். காய்ச்சல் பார்க்கும்போது 98.4-க்கும் 100-க்கும் எவ்வளவு வித்தியாசம்? ஒன்றரை டிகிரிதான், அதுவும் பாரன்ஹீட்டில். அதற்கே பிள்ளை படுத்துவிடுகிறது. சராசரியில் ஏறும் சின்ன அளவு, உச்ச வெயில் நாட்களின் எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியும்.

அதே அறிக்கையில் நமக்கு நெருக்கமான இன்னொரு செய்தி இருக்கிறது. 1951-க்கும் 2015-க்கும் இடையே நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. அப்படிக் குறைந்தது நன்றாகத் தெரியும் இடங்களாக இரண்டைச் சொல்கிறார்கள். ஒன்று கங்கைச் சமவெளி. மற்றொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஏலமலைக்குள்ளேயே பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பல வருஷக் கணக்குகளைப் படித்த ஆய்வாளர்களும் வெப்பம் ஏறி வருவதையும், மழை பெய்யும் நாட்களின் எண்ணிக்கை குறைந்து வருவதையும் எழுதியிருக்கிறார்கள்.

மழை நாள் என்ற சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்தப் பாடத்தில் அதுதான் முக்கியமானது.

கொட்டும் மழையும் ஊறும் மழையும்

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் நிலம் சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஒரு சென்ட் நிலத்தில் 40 லிட்டர், அதாவது மூன்று குடத்துக்குக் கொஞ்சம் குறைவாக விழுகிறது. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்று வானிலைத் துறை கணக்கில் வைக்கும்.

இப்போது ஒரு சென்ட் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை விழுவதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 4,000 லிட்டர். அதையே பத்து நாளில் நாளுக்கு 400 லிட்டராகக் கொடுத்தால் மண் குடிக்கும், ஊற்று பிடிக்கும், ஏலச்செடியின் வேர் ஈரமாகவே இருக்கும். ஒரே ராத்திரியில் 4,000 லிட்டரும் விழுந்தால் முக்கால்வாசி ஓடையில் போகும். போகும்போது மேல்மண்ணையும் கூட்டிக் கொண்டு போகும். வருஷக் கடைசியில் மழைமானிக் கணக்கைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். "இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லையே" என்று ஏட்டில் இருக்கும். கிணற்றில் இருக்காது.

இப்படிக் கொட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. காற்று சூடாக ஆக அது தாங்கும் நீராவி கூடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம் பிடித்து வைக்கும். இந்தியப் பெருங்கடலின் மேல்மட்ட நீரும் 1951 முதல் 2015-க்குள் சுமார் ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது. பெரிய அண்டாவில் தண்ணீர் சேர்த்து ஒரேயடியாகக் கவிழ்ப்பது போலத்தான்.

சமீப வருஷங்களை எண்ணிப் பாருங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, மறு வருஷத் தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம், இடுக்கி மலைகளில் எத்தனையோ நிலச்சரிவு. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி ராத்திரி மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்தார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழையே சுமார் 92 சென்டிமீட்டர்தான்! இவற்றில் எந்த ஒன்றையும் தனியாகப் பிடித்து, காலநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டோம். 1924 ஜூலையிலும் இதே மலையில் பெருமழை பெய்து, மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சின்ன ரயில் பாதையை அடித்துக் கொண்டு போனது. அந்த ரயிலில் வந்த தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்த காலம் அது. பெருமழை அன்றும் உண்டு. ஆனால் அன்று அது தலைமுறைக்கு ஒரு கதை. இன்று வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வருகின்றன.

ஏலச்செடி இதை நம்மைவிட முன்னால் கண்டுகொள்கிறது. அதன் வேர் ஆழமாகப் போவதில்லை. மரநிழலும், ஈர மண்ணும், மாசி பங்குனியில் இடையிடையே ஒரு கோடை மழையும் அதற்கு வேண்டும். அந்தக் கோடை மழை தவறினால் பூச்சரம் சுருங்கும். 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு குவியல் காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. வியாபாரப் பேச்சில் அது சாதனை. ஆனால் தோட்டத்தில் காய் இல்லாததால் வந்த விலை அது. காய் இல்லையென்றால் எடுப்புக்கு ஆள் வேண்டாம். ஆள் வேண்டாமென்றால் போடியில் அடுப்பு எரிவது கஷ்டம். 2024 கோடையிலும் இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடி ஏராளமாகக் காய்ந்தது.

உலகமெங்கும் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் இதற்குப் பெரிய காரணம். அது நம் கையில் மட்டும் இல்லை. ஆனால் நிழல் மரத்தை அளவுக்கு மீறிக் கவாத்து பண்ணுவதும், வெட்டுவதும் நம் பக்கத்துக் காரணம். மரம் இருந்த இடத்தில் மேகம் இலையில் படிந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். மரம் போனால் வெயில் நேராக மண்ணைத் தொடும்.

ஈரப்பதம் என்றால் என்ன?

வானொலியில் 'காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம்' என்று சொல்கிறார்கள். என்ன அர்த்தம்? காற்று தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு அறுபது பங்கு இருக்கிறது என்று அர்த்தம். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். அதே 17 கிராம் ஈரம் மலையில் 20 டிகிரியில் இருந்தால் நூற்றுக்கு நூறு. பனிமூட்டம்தான். கீழே 30 டிகிரியில் அதே ஈரம் நூற்றுக்கு 57தான். ஆகவே மலை சூடேறினால், ஈரம் அதே அளவு இருந்தாலும் காற்று வறண்டதாக நடந்து கொள்ளும். இலையிலிருந்தும், மண்ணிலிருந்தும், நம் தோலிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சும். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் தீப்பிடித்து, மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தீ எப்படி வந்தாலும் சரி, மாசி மாதத்துக் காய்ந்த புல்தான் அதைப் பரப்புகிறது.

உடம்புக்கு இதில் இரண்டு விதக் கஷ்டம் உண்டு. வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்ல" என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்போம். உள்ளே உடம்பு வற்றிக் கொண்டிருக்கும். மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில் இதற்கு நேர் எதிர். வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஒரு லிட்டர் வியர்வை காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக் கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பலன் இல்லை. புழுக்கத்தில் 34 டிகிரி வறண்ட 38 டிகிரியைவிட மோசமாக இருப்பது இதனால்தான்.

காய் எடுப்புக்குப் போகும் கர்ப்பிணி

விடியுமுன்னே எழுந்து சமைத்து, தூக்குவாளியில் சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மெட்டைத் தாண்டிப் போகும் பெண்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்ப்பது. குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். மாலையில் இறங்கி வந்தால் போடியின் வெக்கை. இரவு ஓட்டு வீட்டிலோ தகரக் கொட்டகையிலோ தூக்கம். உடம்பு பகல் சூட்டைத் தணித்துக் கொள்வது இரவில்தான். இரவும் வெந்தால், மறுநாள் கடனோடு தொடங்குகிறது.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017-ல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை பார்த்த தாய்மாருக்குக் கருச்சிதைவோ குழந்தை இறந்து பிறப்பதோ நேரும் ஆபத்து, மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டு 2024-ல் வெளியிட்டார்கள். காரணம் புரிந்து கொள்ளக் கூடியதே. உடம்பு சூடானால் தன்னைக் குளிர்வித்துக் கொள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். அப்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் குறையும். தண்ணீர்ச் சத்து வற்றினால் காலத்துக்கு முன்பே வயிறு இறுகி வலி எடுக்கவும் கூடும்.

நம் கூட்டங்களில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

"அஞ்சு மாசம் ஆச்சே, இன்னும் காய் எடுக்கப் போறியாத்தா?"

"போகாட்டி எப்படி நர்ஸம்மா? எடுப்பு இருக்கறதே நாலஞ்சு மாசம். அதுவும் இப்ப சுருங்கிப் போச்சு."

"சரி. தண்ணி எவ்வளவு கொண்டு போற?"

"ஒரு பாட்டில். அதுலயும் பாதி திரும்பி வந்துரும்."

"ஏன்?"

"குடிச்சா ஒதுங்கணும்ல. காட்டுல எங்கிட்டுப் போறது? கங்காணி வேற நிக்கிறாரு. அட்டைக்கடி வேற."

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று எழுதிவிட்டுப் போவது எங்களுக்குச் சுலபம். ஒதுங்க இடமில்லாத பெண் எப்படிக் குடிப்பாள்? குடிக்காமலும் அடக்கி வைத்தும் இருந்தால் நீர்க்கடுப்பு வரும். கர்ப்பக் காலத்தில் சிறுநீரில் கிருமி சேர்ந்தால் குறைமாதப் பிரசவம் வரை கொண்டு போகும். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, தோட்டத்தில் குடிதண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் ஏற்பாடு செய்வது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுதியாகிவிட்டது. பெண்கள் தனித்தனியாகக் கேட்கத் தயங்குவார்கள். ஒரே ஜீப்பில் போகும் பத்துப் பேரும் சேர்ந்து கங்காணியிடம் சொன்னால், ஒரு சாக்குத் தட்டியாவது கட்டிக் கொடுப்பார்கள். பிறகு இரண்டு இரண்டு பேராகப் போய் வரலாம்.

இன்னொரு விஷயம். கேரளத் தொழிலாளர் துறை கோடைக்காலத்தில் திறந்த வெளியில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வு என்று ஒவ்வொரு வருஷமும் உத்தரவு போடுவது வழக்கம். அதில் 3,000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு விலக்கு உண்டு. மலை என்றால் வெயில் கடுமை இருக்காது என்ற பழைய கணக்கு. ஏலத்தோட்டங்களில் பல இந்த 3,000 அடிக்கு மேலே இருப்பவை. ஆகவே உத்தரவு நம்மைக் காப்பாற்றும் என்று எண்ணி இருக்க முடியாது. நிழல் குறைந்த தோட்டத்தில் பங்குனி சித்திரை மதியத்தில், அந்த மூன்று மணி நேரமும் கர்ப்பிணிகள் மர நிழலில் உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் இதில் பிடிவாதமாகவே இருக்க வேண்டும். இதை மாமியாரும் கணவரும் எடுத்துப் பேசினால் நன்றாக இருக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரியே வாய் திறந்து கேட்க வேண்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

மருந்து அடித்த பாத்தியில் கர்ப்பிணி கால் வைக்கக் கூடாது. வெக்கை கூடினால் பூச்சியும் கூடுகிறது, மருந்தும் கூடுகிறது. வியர்த்த தோல் மருந்தை எளிதில் உள்ளே விடும்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல், அரை மணிக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக் கொள்வது நல்லது. மழையைப் போலத்தான், உடம்புக்கும் ஊறுகிற தண்ணீர் வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கேப்பைக் கூழ் எல்லாம் நல்லவை. கால் வீக்கம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்து விடுங்கள். வேலைக்குப் போக முடியாத மாதங்களை ஈடுகட்டத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது. எந்தத் தவணை எப்போது என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பச்சை உடம்புக்காரியும் தண்ணீரும்

பிள்ளை பெற்றவளை ஜன்னல் சாத்திய அறையில் வைத்து, தலைக்குத் துணி கட்டி, "தண்ணி குடிக்காத, வயிறு போட்டுரும்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மலையில் பனிவாடைக் காலத்தில் அறையை மூடி வைத்ததில் அர்த்தம் இருந்திருக்கலாம். சித்திரை மாதத்துப் போடியில் தகரக் கூரைக்கு அடியில் அதையே செய்தால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. அம்மாச்சிகள் கோபித்துக் கொள்ள வேண்டாம். நீங்கள் கற்றுக் கொண்டபோது இருந்த இரவு இப்போது இல்லை. ஜன்னலைத் திறந்து கொசுவலை போடுங்கள். தாய் தாகத்துக்கு மேலேயே குடிக்கட்டும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், கடும் கோடையிலும்கூட. தனியாகத் தண்ணீர் புகட்ட வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் சரி. குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

மழை இல்லாமலும் வரும் கொசு

மழை பெய்தால் டெங்கு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். மழை பெய்யாவிட்டாலும் வரும் என்பதுதான் தெரிவதில்லை. குழாயில் தண்ணீர் தவறும்போது நாம் என்ன செய்கிறோம்? டிரம், தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நாம் பத்திரமாகப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வெக்கை கூடினால் அதுவும் சுருங்கும். முட்டையோ டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக் கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கொட்டிவிட்டு நிரப்பினால் போதாது. வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். துணியால் வேடு கட்டி மூட வேண்டும். கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, சிரட்டை, பழைய டயர் எதையும் விடக் கூடாது. இந்தக் கொசு பகலில் கடிப்பது. தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்குப் பகலிலும் வலை வேண்டும்.

காய்ச்சல் வந்தால் கடையில் கலவை மாத்திரை வாங்கிப் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான நாட்கள் வருகின்றன. "காய்ச்சல் போயிருச்சு, தோட்டத்துக்குப் போறேன்" என்று கிளம்பி விடாதீர்கள். மழைக்காலத்தில் காலில் வெட்டுப்புண்ணோடு சேற்றில் நின்றவர்களுக்குக் காய்ச்சலும், கண்டைச் சதை வலியும், கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். நின்ற இடத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தவறக் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல்.

வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, தோல் கொதித்துக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பவாதம். நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-க்குச் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்தான். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெயில் பட்டு ஒருவர் இறந்தால் 'மயங்கி விழுந்து இறந்தார்' என்று மூடிவிடாமல், ஆஸ்பத்திரியில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்கு நிவாரணம் கிடைப்பது அதைப் பொறுத்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு சின்ன வேலை சொல்கிறோம். பக்கம் நேராக உள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில், கூரைத் தண்ணீர் சொட்டாத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறையார் அளக்கும் அதே நேரத்தில், ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். 2.5-க்கு மேல் வந்த நாளுக்கு ஒரு வட்டம் போடட்டும். வருஷக் கடைசியில் வட்டங்களை எண்ணினால் மழை நாள் எத்தனை என்று தெரியும். அளந்த கையோடு டப்பாவைக் கொட்டித் துடைத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் அதிலும் கொசு முட்டையிட்டுவிடும்.